சிம்கோ ஏரியில் மடக்குக் கூடாரம்: உள்ளே எதை வைப்பது, எதை விடுவது?

ஏஜாக்ஸ் கிழக்கு:

வணக்கம். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரி உறைந்திருக்கும்போது, அதன் மேல் இதுவரை வாடகைக் குடில்களில் இருந்தே தூண்டில் போட்டு வந்த நாங்கள், இந்தக் குளிர்காலத்துக்கென்று சொந்தமாக ஒரு மடக்குக் கூடாரம் வாங்கியிருக்கிறோம். நால்வர் அமரக்கூடிய ஹப் வகை (சுவர்கள், கூரை ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ள ‘ஹப்’ என்ற மூட்டை வெளியே இழுத்தால் விரிவது). சுவர்கள் பஞ்சு வைத்துத் தைத்தவை. விரித்தால் தரை 8 அடிக்கு 8 அடி வரும். போகப்போவது நான், மனைவி, 11 வயது மகன் என மூவர். எங்களிடம் ஸ்னோமொபைல் இல்லாததால், ஜாக்சன்ஸ் பாயிண்ட் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரே ஸ்லெட்டில் (பனிச்சறுக்கு வண்டியில்) ஏற்றிக் கையால் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கூடாரத்தோடு நான்கு ஐஸ் ஆங்கர்களும் (பனிக்கட்டியில் முறுக்கி இறக்கும் திருகாணிகள்) ஒரு பையும் வந்தன. மற்றபடி உள்ளே ஒன்றுமில்லை. ஹீட்டர், தரைப்பாய், விளக்கு, நீருக்கடியில் மீனைக் காட்டும் சோனார், நாற்காலி, துளை மூடி, தூண்டில் தாங்கி என்று கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் வாங்க முடியாது. வாங்கினாலும் இழுக்க முடியாது. எதை முதலில் வாங்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், எதை வாங்கவே வேண்டாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். குறிப்பாக ஹீட்டர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவில்லை.

வடகரை:

கையால் இழுப்பவர் என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த அளவுக் கூடாரம் மட்டுமே 15 முதல் 20 கிலோ வரும். அதன் மேல் ஓகர் (பனிக்கட்டியைத் துளைக்கும் கருவி), ஹீட்டர், சிலிண்டர், நாற்காலிகள், உணவு எல்லாம் ஏறும்போது, புதுப்பனி கணுக்கால் உயரத்துக்கு விழுந்து கிடக்கும் நாளில் ஸ்லெட் நகர மறுக்கும். ஆகவே ஒரு பொருள் பயனுள்ளதா என்று மட்டும் பார்க்காமல், அதன் எடைக்கு ஏற்ற பயன் தருமா என்றும் பார்த்து வாங்குங்கள்.

முதல் செலவு ஆங்கர்களுக்குத்தான். நான்கு போதாது, குறைந்தது எட்டு வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று உங்கள் கூடாரத்தின் ஒரு சுவரைத் தள்ளும் விசை, தோராயமாக 60 கிலோ எடைக்குச் சமமானது. சிம்கோவின் பரப்பு 700 சதுர கி.மீட்டருக்கும் அதிகம், திறந்த பனிவெளியில் அந்தக் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லை. கூடாரத்தை விரிக்கும் முன்பே, மடிந்த நிலையில், காற்று வரும் பக்கத்துக் கீழ் மூலைகள் இரண்டையும் ஆங்கரால் பிணைத்துவிட வேண்டும். அதன் பிறகே முதலில் கூரையையும், பின்னர் சுவர்களை ஒவ்வொன்றாகவும் வெளியே இழுத்து விறைப்பாக்க வேண்டும். கதவு காற்றுக்கு எதிர்ப்பக்கம் அமைய வேண்டும். நான்கு மூலைகளும் பிணைந்தபின், ஒவ்வொரு சுவரின் நடுவிலும் உள்ள ஹப்பிலிருந்து ஒரு கயிற்றைச் சாய்வாக இழுத்து இன்னொரு ஆங்கரில் கட்டினால்தான் சுவர் உள்நோக்கி மடியாது.

குளிர்காலத்தின் நடுவில் பனிக்கட்டி கல்போல் இறுகியிருக்கும்போது இந்தத் திருகாணிகளைக் கையால் முறுக்கி இறக்குவது கையுறை கிழியும் வேலை. பேட்டரி டிரில்லில் பொருத்தும் ஆங்கர் முனை ஒன்று விற்கிறது. கைக்குள் அடங்கும் சிறிய உலோகத் துண்டு. அதை வாங்குங்கள். கூடாரத்தின் அடியில் சுற்றிலும் இருக்கும் பாவாடைத் துணியின் மேல் பனியை அள்ளிப் போட ஒரு மண்வாரியும் தேவை. அந்தப் பனி அணை இல்லாவிட்டால், தரையோடு வரும் காற்று எவ்வளவு பெரிய ஹீட்டரையும் தோற்கடித்துவிடும்.

கூடாரத்துக்குள் வைக்கும் பொருள் அல்ல என்றாலும், இவற்றுக்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாக நடப்பவருக்குக் குறைந்தது 15 செ.மீ. பனிக்கட்டி வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. அது தெளிந்த, நீலம் பாய்ந்த பனிக்கட்டிக்கான கணக்கு. பால்போல் வெளுத்த பனிக்கட்டிக்கு ஏறத்தாழ பாதி வலிமைதான் உண்டு என்பதால் இரு மடங்கு தடிமன் வேண்டும். கூடாரத்தில் மூவர் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பீர்கள். நடந்து போகும்போதே உளிக்கம்பியால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டு போங்கள். மூவர் கழுத்திலும் ஐஸ் பிக் (நீரில் விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஏற உதவும் கூர்முனைப் பிடி) தொங்க வேண்டும். அதைப் பையில் வைத்திருப்பதில் பயனில்லை. நீரில் விழுந்தவரின் கைக்கு எட்டுவது கழுத்தில் இருப்பது மட்டுமே.

அனல்:

நான் எரிவாயுச் சாதனங்களை நிறுவும் தொழிலில் இருப்பவன். ஹீட்டரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

8 அடிக்கு 8 அடி உள்ள பஞ்சுக் கூடாரத்துக்கு மணிக்கு 4,000 முதல் 9,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வரை மாற்றக்கூடிய ஒற்றைப் பலகை ஹீட்டர் போதும். மிஸ்டர் ஹீட்டர் நிறுவனத்தின் போர்ட்டபிள் பட்டி இந்த அளவுதான்; ஏரியில் பரவலாகக் காண்பதும் அதுவே. 18,000 பி.டி.யு. வரை போகும் பெரிய வகையை வாங்கினால் எடை கூடும், எரிவாயு கூடும். சூடு தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருப்பீர்கள். சிறியதை வாங்கி, முதல் அரைமணி நேரம் உயர் நிலையிலும் பிறகு தாழ்ந்த நிலையிலும் எரிய விடுவதே சரியான முறை.

செலவைக் கணக்கிடுவது எளிது. ஒரு பவுண்டு புரொப்பேனில் சுமார் 21,600 பி.டி.யு. இருக்கிறது. அந்தச் சிறிய பச்சைச் சிலிண்டர் ஒன்று உயர் நிலையில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், தாழ்ந்த நிலையில் ஐந்தரை மணி நேரம் போலவும் எரியும். ஆனால் கடுங்குளிரில் அது முழுமையாக எரியாமலே சோர்ந்துவிடும். புரொப்பேன் ஆவியாவது −42 பாகையில் என்பதால் நம் ஊர்க் குளிரில் அது உறைந்துவிடுவதில்லை. ஆயினும் 20 பாகையில் 8 பாருக்கு மேல் இருக்கும் அதன் அழுத்தம் −20 பாகையில் 2.5 பாருக்குக் கீழே இறங்கிவிடுகிறது; எரியும்போது ஆவியாகும் திரவம் சிலிண்டரையே மேலும் குளிரச் செய்வதால் வெளியே வெண்பனி படர்ந்து, தணல் மங்கும். அடுத்த சிலிண்டரைக் கூடாரத்துக்குள், ஹீட்டரிலிருந்து தள்ளி, குளிராத இடத்தில் நிமிர்த்தி வைத்திருங்கள், மங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். சிலிண்டரைத் தணலுக்கு அருகே வைத்துச் சூடாக்கும் பழக்கத்தைச் சிலரிடம் பார்க்கிறேன். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள்.

இனி முக்கியமான விடயம். இந்த ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைந்தால் அணைந்துவிடும் உணரி இருக்கிறது. அதை நம்பிக் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்காமல் விடுபவர்கள் அதிகம். அந்த உணரி அளப்பது ஆக்சிஜனை மட்டுமே. காற்றில் இயல்பாக 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 18 அளவுக்கு இறங்கும்போது அது தணலை அணைக்கும். தூசி படிந்த பர்னரோ, வளைந்த வலையோ காரணமாக எரிதல் கெட்டுக் கார்பன் மோனாக்சைடு பெருகினால், ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை அந்த உணரிக்கு எதுவும் தெரியாது. ஆகவே தனி அலாரம் கட்டாயம்.

எந்த அலாரம் என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டும் வகை, காற்றில் 70 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவில் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரையும், 150 பி.பி.எம். அளவில் 10 முதல் 50 நிமிடங்கள் வரையும் எடுத்துக்கொண்டே ஒலிக்கும்படி அமைக்கப்பட்டது. அதனால் அளவை எண்ணாகத் திரையில் காட்டும் பேட்டரி வகையை வாங்குங்கள். எண் ஏறத் தொடங்கும்போதே காற்றோட்டத்தைக் கூட்டலாம். வீட்டு அலாரங்களில் பெரும்பாலானவை உறைநிலைக்குக் கீழே சரியாக இயங்கும் என்ற உறுதியும் இல்லை. பொதியின் மேல் எழுதியிருக்கும் வெப்பநிலை வரம்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். போகும் வழியில் அதை உள்சட்டைப் பையில் வைத்திருந்து, கூடாரம் சூடானதும், அமர்ந்திருக்கும்போது உங்கள் முகம் இருக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கார்பன் மோனாக்சைடின் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், கூரையில் வைப்பதிலோ தரையில் வைப்பதிலோ தனிப் பயன் இல்லை.

ஹீட்டரின் கையேட்டில் எவ்வளவு பரப்புக்குத் திறப்பு வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தத் திறப்பு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்க வேண்டும். மேல் மூலைகளில் உள்ள வலைச் சாளரங்களைக் குளிருக்குப் பயந்து மூடுகிறவர்களின் கூரையில் நீர் சொட்டுவதையும் பார்க்கலாம். ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் முக்கால் லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாக உண்டாகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் கூரைத் துணியில் படிந்து, உங்கள் தோளில் விழுந்து, திரும்பும் வேளையில் கூடாரத்தையே பலகை போல் உறையச் செய்துவிடும்.

ஏஜாக்ஸ் கிழக்கு:

அனல் அவர்களுக்கு மிக்க நன்றி. உணரி இருப்பதால் அலாரம் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னதை நம்பியிருந்தேன். இன்னொரு கேள்வி: சிறிய சிலிண்டர்களை வாங்கி வாங்கித் தீர்ப்பதற்குப் பதிலாக, பார்பிக்யூவுக்கு வைத்திருக்கும் 20 பவுண்டு தொட்டியையே குழாயோடு கொண்டுபோகலாமா?

அனல்:

போகலாம், ஆனால் நிறைந்த 20 பவுண்டு தொட்டி 17 கிலோ வரும். உங்கள் ஸ்லெட்டில் இரண்டாவது கூடாரத்தை ஏற்றுவதற்குச் சமம். 5 பவுண்டு தொட்டி ஒன்று வாங்குங்கள். உயர் நிலையிலேயே 12 மணி நேரம் எரியும். மீண்டும் மீண்டும் நிரப்பலாம். திரவம் அதிகமாக இருப்பதால் சிறிய சிலிண்டரைப் போல் விரைவில் குளிர்ந்து சோர்வதும் இல்லை. தொட்டியை வெளியே நிமிர்த்தி நிறுத்தி, குழாயைப் பாவாடைத் துணிக்கு அடியால் உள்ளே எடுங்கள். குழாய் மிதிபடாத பக்கமாக வர வேண்டும். தொட்டியிலிருந்து முழு அழுத்தத்தில் வாயு போகும் குழாய்களில் ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பசை கரைந்து ஹீட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். அதற்கென விற்கும் வடிகட்டியைச் சேர்த்து வாங்குங்கள், அல்லது அந்தப் பசை வராத வகைக் குழாயை வாங்குங்கள். இணைத்தபின் எல்லா மூட்டுகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று வீட்டிலேயே, வெளிமுற்றத்தில் வைத்துப் பாருங்கள். ஏரியில் சோப்பு நீர் உறைந்துவிடும்.

பழைய தொட்டியாக இருந்தால் கழுத்தில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். கனடாவில் 10 ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை செய்யாத தொட்டியை நிரப்பித் தரமாட்டார்கள்.

பனிநிலா:

குழந்தையோடு போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். துளை மூடிகளை முதல் பட்டியலில் சேருங்கள். 8 அங்குல ஓகரால் போட்ட துளை 20 செ.மீ. அகலம், உள்ளே இருட்டாக வேறு இருக்கும். பிள்ளைகள் எழுந்து நடக்கும்போது ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டால், நனைந்த காலணியோடு அந்த நாள் முடிந்துவிடும், கணுக்காலும் முறியலாம். பயன்படுத்தாத துளைகளில் மூடி இருக்க வேண்டும். பேர்ச் மீனுக்கு 6 அங்குலத் துளையே தாராளம். லேக் டிரவுட் பிடிக்கத்தான் 8 தேவைப்படும். துளை சிறிதானால் துளைக்கும் உழைப்பும் குறையும்.

துளைகளைக் கதவுக்கு நேராகப் போடாதீர்கள். நான் துளைகள் இருக்கும் பக்கம் ஒன்று, ஹீட்டரும் நடமாட்டமும் இருக்கும் பக்கம் ஒன்று என்று கூடாரத்தை மனதுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ஹீட்டர் ஒரு மூலையில், ஆனால் எந்தச் சுவரையும் ஒட்டாமல், தட்டையான பலகைத் துண்டின் மேல் இருக்கும். நேரே பனிக்கட்டியில் வைத்தால் அடியில் உருகிச் சாய்ந்துவிடும். சாய்ந்தால் அணையும் வசதி இருந்தாலும், அணைகிற அந்த நொடிக்குள் சூடான வலை துணியில் பட்டால் போதும்.

அடுத்தது அடுப்பு. நம் வீடுகளில் மேசை மேல் வைத்துச் சமைக்கும் பியூட்டேன் அடுப்பைக் கொண்டுவந்து தேநீர் போட முயல்பவர்கள் உண்டு. பியூட்டேன் −0.5 பாகைக்குக் கீழே ஆவியாவதில்லை. −10 பாகையில் அந்தக் குப்பியில் திரவம் அசையும் ஒலி கேட்கும், தீ வராது. சூடான கூடாரத்துக்குள் வைத்து எரிய வைத்தாலும், ஹீட்டரோடு இன்னொரு தணல் சேர்ந்து காற்றைத் தின்னும். நாங்கள் அடுப்பையே விட்டுவிட்டு, நல்ல வெந்நீர்க் குடுவைகள் இரண்டில் இஞ்சித் தேநீரும், அகன்ற வாய்க் குடுவையில் சூடான கஞ்சியும் கொண்டுபோகிறோம். மதியம் வரை ஆறுவதில்லை. ஸ்லெட்டில் அடுப்பின் எடையும் மிச்சம்.

நாற்காலி வாங்கும்போது கால்களைப் பாருங்கள். கூர்மையான கால்கள் பனிக்கட்டியில் வழுக்கும், ஃபோம் பாயைக் கிழிக்கும். அகன்ற அடியுள்ளது வேண்டும். மகனுக்கு நாற்காலி வேண்டாம். மெத்தை மூடி போட்ட 5 கேலன் வாளி போதும். போகும்போது கருவிகளும் வரும்போது மீனும் அதற்குள் வரும்.

குக்ஸ் விரிகுடா:

எல்லோரும் பாதுகாப்பைச் சொல்லிவிட்டார்கள். மீனைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். சோனாரைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது என் கருத்து. கூடாரத்தை நட்டு, ஆங்கர் போட்டு, பனி அணைத்து முடித்தபின் இடம் மாறுவது எளிதல்ல. ஆகவே நடும் முன்பே மீன் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வெறும் பனிக்கட்டியில் நான்கைந்து துளைகள் போட்டு ஒவ்வொன்றிலும் சோனாரை இறக்கிப் பார்த்துவிட்டு, மீன் தெரிகிற துளையின் மேல் கூடாரத்தை விரிப்பதே நான் செய்வது.

வாங்கும்போது ஒலிக்கற்றையின் கோணத்தைக் கவனியுங்கள். 20 மீட்டர் ஆழத்தில் 20 பாகைக் கோணம் அடியில் 7 மீட்டர் அகலத்தைக் காட்டும். 9 பாகைக் கோணம் 3 மீட்டரைக் காட்டும். அகன்றது தேடுவதற்கு நல்லது. குறுகியது, திரையில் தெரியும் மீன் உங்கள் துளைக்கு நேர் கீழே இருக்கிறது என்பதை உறுதிசெய்யும். ஒரே கூடாரத்தில் இரண்டு சோனார் ஓடினால் ஒன்றின் ஒலி மற்றதன் திரையில் கோடுகளாக விழும். இடையூறு நீக்கும் பொத்தான் இல்லாத மாதிரி என்றால் மூவரும் ஒன்றையே பகிர்ந்துகொள்வது நல்லது.

எனினும் நீங்கள் ஏரியின் தெற்கே உள்ள குக்ஸ் விரிகுடாவுக்கு வருவதாக இருந்தால் முதல் பருவத்தில் சோனார் இல்லாமலும் மகிழ்ச்சியாக மீன் பிடிக்கலாம். ஏரியின் மேற்கே உள்ள கெம்பன்ஃபெல்ட் விரிகுடா 40 மீட்டர் ஆழம் போகும். குக்ஸ் விரிகுடாவிலோ ஆழமே 15 மீட்டர்தான், கரையோரம் மூன்று நான்கு மீட்டர். காற்றுக்கான வலைச் சாளரங்களைத் தவிர மற்றச் சாளரங்களை மூடி, விளக்கை அணைத்து, துளையின் மேல் குனிந்தால் பனிக்கட்டிக்கு அடியில் பரவி வரும் பகல் ஒளியில் நீர் பசும் விளக்குபோல் ஒளிரும். அடியில் உள்ள பாசியும், தூண்டிலுக்கு அருகே வந்து நின்று, வாலை மட்டும் அசைத்து, கடிக்கலாமா என்று பார்க்கும் மஞ்சள் பேர்ச்சும் அதன் உடற்கோடுகளோடு தெரியும். இதற்குக் கூடாரத்தின் இருட்டுத்தான் கருவி. உங்கள் மகனுக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

விளக்கைப் பொறுத்தவரை கூரையில் ஒட்டும் எல்.ஈ.டி. பட்டை ஒன்றே போதும். ஆளுக்கொரு தலைவிளக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்லாவற்றையும் கழற்றும் நேரத்தில் கூரை விளக்கு பைக்குள் போய்விட்டிருக்கும்.

வடகரை:

குக்ஸ் விரிகுடா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் வரிசையில் மாற்றமில்லை: ஆங்கர், அலாரம், ஐஸ் பிக், துளை மூடி ஆகியவை வாங்கி முடிந்த பிறகு பணம் மிஞ்சினால் சோனார்.

பனிநிலா:

தரைப்பாயைப் பற்றி யாரும் எழுதவில்லையே? என் பிள்ளைகள் முன்பு ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பார்கள்; ஒன்றோடொன்று பொருந்தும் ஃபோம் பாய்களை விரித்த பிறகு மாலைவரை இருக்கிறார்கள். குளிர் காலில்தான் ஏறுகிறது. துளைகளுக்கு மட்டும் வட்டமாக வெட்டிவிட்டு, நடமாடும் பக்கம் முழுவதும் விரியுங்கள். எடை மிகக் குறைவு.

குக்ஸ் விரிகுடா:

பனிநிலா அக்காவின் கருத்தோடு முழுமையாக ஒத்துப்போக முடியவில்லை. ஃபோம் பாயின் அடியில் நீர் புகுந்தால் அது பனிக்கட்டியோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது; கிளம்பும்போது துண்டு துண்டாகப் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. கூடாரத்தை வைக்கும் இடத்தில் பனியைச் சுரண்டி எடுக்காமல், மிதித்து இறுக்கிய ஒரு படலமாக விட்டுவைத்தால் அதுவே குளிரைத் தடுக்கும். நான் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வடகரை:

இரண்டும் இடத்தைப் பொறுத்தது. பனிப்போர்வை தடித்திருக்கும் நாட்களில் அதன் சுமையால் பனிக்கட்டி சற்றுத் தாழ்ந்து, நீங்கள் துளை போட்டவுடன் நீர் மேலேறிப் பரவும். அத்தகைய நாளில் மிதித்த பனி ஹீட்டரின் சூட்டில் கூழாகிவிடும். பாயின் அடியிலும் நீர் புகும். அப்போது சறுக்காத காலணியைத் தவிர வேறு வழியில்லை. பனி மெலிந்து பனிக்கட்டி வறண்டிருக்கும் நாளில் ஃபோம் பாய் மிக நன்று. துளை போட்டதும் வெளிவரும் சீவல்களையும் நீரையும் மண்வாரியால் கூடாரத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, அதன் பிறகே பாயை விரிக்க வேண்டும். அதற்காகத்தான் துளைகளை முதலில் போட்டுவிட்டு, கூடாரத்தை அவற்றின் மேல் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறேன். குழந்தை இருப்பதால் பாயை வாங்கலாம் என்பதே என் முடிவு.

ஓரிலியா மேற்கு:

இழுத்துக்கொண்டு நடப்பவர் ஹப் வகைக்குப் பதிலாக ஸ்லெட்டோடு இணைந்த ஃபிளிப் வகையை வாங்கியிருக்கலாம் அல்லவா? மினசோட்டாவின் டேவ் ஜென்ஸ் 1980களில் அந்த வகையைப் பரப்பியதே, மீன் இருக்கும் இடத்துக்கு ஆள் நகர வேண்டும் என்பதற்காகத்தான். பின்னாலிருந்து தலைக்கு மேலே இழுத்தால் ஒரு நிமிடத்தில் கூடாரம் தயார்.

வடகரை:

ஒருவர் அல்லது இருவர் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மூவர் எழுந்து நிற்கவும் குழந்தை நடமாடவும் ஹப் வகையே சரி. ஒரே எடைக்கு அது தரும் தரைப்பரப்பு அதிகம். 8 அடிக்கு 8 அடி என்பது 6 சதுர மீட்டருக்குள் வருவதால் இன்னொரு வசதியும் இருக்கிறது: ஒன்ராறியோவில் 7 சதுர மீட்டருக்கு மேற்படாத துணிக் கூடாரங்களுக்கு, குடில்களைப் போல் பதிவெண் பெற்று வெளியே எழுத வேண்டியதில்லை. இதைவிடப் பெரியதை வாங்க நினைப்பவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள்.

கூடாரத்துக்கு வெளியேயும் ஒரு தூண்டில் வைக்க நினைத்தால், நீங்கள் அதிலிருந்து 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அது எப்போதும் தடையின்றிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. ஆகவே கொடி நிமிரும் டிப்-அப் ஒன்றை வாங்கினால் சாளரத்துக்கு நேரே வையுங்கள். சாளரத்தைத் திறந்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. கூடாரத்துக்குள் இதமாக அமர்ந்திருப்பவருக்கு வெளியே காற்று திசை மாறுவதும், பனிப்புகை எழுந்து கரை மறைவதும் தெரிவதில்லை. ஏரி ஈரியின் ஒஹாயோக் கரையில் 2009 பெப்ரவரியில் கரையிலிருந்து பனிக்கட்டி பிளந்து நகர்ந்தபோது 130க்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். சிம்கோவிலும் பனிக்கட்டி அழுத்தத்தால் வெடித்து மேடாக எழும் பிளவுகள் ஒவ்வொரு குளிர்காலமும் தோன்றுகின்றன. காலையில் கடந்த பிளவு மாலையில் திறந்த நீராக இருக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் வெளியே வந்து நான்கு திசையும் பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். கரையில் வண்டி நிற்கும் இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்வதோடு, கைபேசி அணைந்துவிட்டால் உதவ ஒரு திசைகாட்டியும் விசிலும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஏஜாக்ஸ் கிழக்கு:

பேட்டரிகளைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். டிரில்லில் பொருத்தும் ஓகரையே வாங்க எண்ணியிருக்கிறோம். குளிரில் பேட்டரி இறங்கிவிடுமா?

குக்ஸ் விரிகுடா:

லித்தியம் பேட்டரி குளிரில் பழுதாவதில்லை. ஆனால் அதே மின்சாரத்தைத் தர முடியாமல் தடுமாறும். டிரில்லை ஸ்லெட்டிலும் பேட்டரிகளைச் சட்டைக்குள்ளும் கொண்டுபோங்கள். துளைக்கும் நேரத்தில் பொருத்துங்கள். தூரிகையில்லா மோட்டார் உள்ள, கைப்பிடி இரண்டு கொண்ட வலுவான டிரில் வேண்டும். முனை பனிக்கட்டியில் சிக்கினால் மணிக்கட்டை முறுக்கிவிடும். ஓகர் டிரில்லிலிருந்து கழன்று துளைக்குள் விழாமல் தடுக்க அதன் மேற்பகுதியில் ஒரு வட்டத் தட்டும் பொருத்திக்கொள்ளுங்கள். சோனாருக்கு ஈய அமில பேட்டரியைவிட லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஏறத்தாழ பாதி எடைதான். ஆனால் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது அதை மின்னேற்றினால் கெட்டுவிடும் என்பதால், வீட்டுக்கு வந்து அறை வெப்பநிலைக்கு ஏறியபின்னரே மின்னேற்றியில் போடுங்கள்.

ஏஜாக்ஸ் கிழக்கு:

நன்றி. கடைசியாக, பாவாடைத் துணி பனிக்கட்டியோடு உறைந்துவிட்டால் எப்படிப் பிரித்தெடுப்பது?

வடகரை:

கிளம்ப நினைக்கும் நேரத்துக்கு அரைமணி முன்பே வெளியே போய், துணியின் மேல் போட்ட பனியை அகற்றிவிடுங்கள். ஒட்டியிருக்கும் இடங்களில் மண்வாரியின் தட்டையான விளிம்பைப் பனிக்கட்டியோடு படுக்கையாகச் சறுக்கி விடுவியுங்கள்; உளியால் குத்தினால் துணி கிழியும், துணியைப் பிடித்து இழுத்தால் தையல் விடும். ஹீட்டரை அணைத்து, அது ஆறும்வரை காற்றுச் சாளரங்கள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிட்டால் மடிப்பது எளிது. ஹப்புகளை முதலில் சுவர்களிலும் கடைசியில் கூரையிலும் உள்ளே தள்ள வேண்டும். காற்று வரும் பக்கத்து ஆங்கர்கள் இரண்டையும் கூடாரம் முழுவதும் மடிந்த பிறகே கழற்ற வேண்டும். ஜிப்பில் பனி இறுகியிருந்தால் பலம் காட்டாமல் கையுறைக்குள் ஊதிச் சூடாக்கிய விரல்களால் பிடித்து இளக்குங்கள். பருவம் தொடங்கும் முன் ஜிப் முழுக்க மெழுகு தேய்த்துவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வீட்டுக்கு வந்ததும் பையிலேயே விட்டுவிடாமல் அன்றிரவே கராஜில் விரித்து உலர்த்துங்கள். பஞ்சுச் சுவருக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து, அந்த நாற்றம் போகவே போகாது. உலரும் வேளையில் கண்ணாடி நாரிழைக் கம்பிகள் ஒவ்வொன்றையும் கையுறை போட்ட கையால் தடவிப் பாருங்கள். நூல்போல் பிசிறு எழுந்திருந்தால் அந்தக் கம்பி அடுத்த காற்றில் முறியும். உதிரிக் கம்பி ஒன்றையும், அரையடி நீளமுள்ள உலோகக் குழாய்த் துண்டு ஒன்றையும், அகன்ற ஒட்டுநாடாவையும் கூடாரப் பையின் அடியிலேயே வைத்துவிடுங்கள். முறிந்த இடத்தின் மேல் குழாயைச் செருகி ஒட்டுநாடாவைச் சுற்றினால் அன்றைய பொழுதுக்குத் தாங்கும்.